ஜாயின் போட்டதும் வரிசை குலைகிறதா? அறிகுறியை வைத்து ஓஆர்எம் பிழையைப் பிடிக்கும் வழி

கம்பம், போடிப் பக்கம் ஏலக்காய் வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இரண்டு டேபிளைச் சேர்க்காமல் (அதுதான் ஜாயின்) ஒரு பட்டியலும் போட முடியாது. வீடு கீழே தேனி மாவட்டத்தில், தோட்டம் மேலே இடுக்கியில். காய் ஒரு வாரம் புத்தடி ஏல மையத்துக்குப் போகும், இன்னொரு வாரம் போடிக்கு வரும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இரண்டு இடத்திலும் நடக்கிறதே. ஆளின் விவரம் ஒரு டேபிளில் இருக்கும், அவர் கொண்டுவந்த லாட்டுகள் இன்னொன்றில் இருக்கும். அப்புறம் ஒருநாள் கடையிலிருந்து போன் வரும்: "தம்பி, லிஸ்ட்டு கலைஞ்சு கிடக்குப்பா."

கலைந்து கிடக்கிறது என்றால் எப்படி என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கலைசலுக்கும் ஒரு தனிக் காரணம் உண்டு. கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஜாங்கோவின் ஓஆர்எம்மில், அதாவது நம் குறிமுறையைத் தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல்லாக மாற்றித் தரும் பகுதியில். எஸ்க்யூஎல்அல்கெமி, லாராவெல், ஹைபர்னேட் ஆகியவை வேறுபடும் இடங்களில் அவையும் வரும். குறிமுறையைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன், அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நம் டேபிள்கள் இரண்டுதான். விவசாயி: பெயர், தலைப்பெழுத்து, ஊர். லாட்: விவசாயியைக் காட்டும் ஃபாரின் கீ, மையம், ஏலத் தேதி, எடை, விலை. விலை படியாமல் திரும்ப எடுத்துக்கொண்ட லாட்டுக்கு விலைப் புலம் காலியாக இருக்கும், தரவுத்தள மொழியில் அதற்கு 'நல்' என்று பெயர்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஓஆர்எம் எழுதிய எஸ்க்யூஎல்லை எடுத்துப் பாருங்கள். ஜாங்கோவில் குவெரிசெட்டின் .குவெரி என்பதை அச்சடித்தால் போதும். அதில் மதிப்புகளைச் சுற்றி மேற்கோள் குறி சரியாக இருக்காது, எனவே அப்படியே நகலெடுத்து ஓட்ட முடியாமல் போகலாம். ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் டீபக் டூல்பாரில் வருவதை எடுங்கள். எஸ்க்யூஎல்அல்கெமியில் என்ஜின் உருவாக்கும் இடத்தில் எக்கோவை ட்ரூ ஆக்குங்கள், லாராவெலில் டூஎஸ்க்யூஎல் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை மூன்று: ஃப்ரம்முக்குப் பின்னால் எத்தனை ஜாயின் இருக்கிறது, அவை இன்னரா (இருபுறமும் பொருந்தும் வரி மட்டும்) லெஃப்டா (இடப்புற வரி எல்லாம்), ஆர்டர் பைக்குப் பின்னால் உண்மையில் எந்தப் புலம் இருக்கிறது. குறிமுறையில் நீங்கள் விவசாயிகளை அடுக்கச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் தரவுத்தளத்துக்கு விவசாயி என்று யாரையும் தெரியாது. ஜாயின் முடிந்து நிற்கிற வரிகளைத்தான் அது அடுக்குகிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைப்பவை.

"ஒரே பேரு நாலு தடவை வருது"

அடிக்கடி வருவதும், தப்பான மருந்து அதிகம் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். விவசாயிகள் பட்டியலைக் கடைசியாகக் காய் போட்ட தேதிப்படி காட்ட வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். இப்படி எழுதியிருப்பீர்கள்:

விவசாயி.அப்ஜெக்ட்ஸ்.ஆர்டர்_பை("-லாட்__தேதி")

வண்டன்மேட்டுக்காரர் ஒருவர் நாலு லாட் போட்டிருந்தால், ஜாயினுக்குப் பிறகு அவர் பெயரில் நாலு வரி நிற்கும். நாலுக்கும் தேதி வேறு. ஜாங்கோ அந்த நாலு வரியையும் நாலு விவசாயிப் பொருளாக மாற்றிக் கொடுத்துவிடும்.

உடனே எல்லோரும் கை வைப்பது, ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்டில். வைத்தால் ஒன்றும் மாறாது. ஏன் என்பது எஸ்க்யூஎல்லைப் பார்த்தால் தெரியும்: ஆர்டர் பையில் வரும் தேதிப் புலத்தை ஜாங்கோ செலக்டிலும் சேர்த்துவிடுகிறது. பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தாலும் தேதி வேறாக இருப்பதால் நாலு வரியும் வேறு வேறு வரிதான். டிஸ்டிங்க்டைப் பொறுத்தவரை நீக்குவதற்கு எதுவும் இல்லை.

உண்மையான கேள்வி வேறு. ஒருவருக்கு நாலு தேதி இருக்கும்போது எந்தத் தேதியை வைத்து அவரை அடுக்குவது? கடைசியா, முதலாவதா? இதை ஓஆர்எம் ஊகிக்காது, நீங்களும் ஊகிக்க வேண்டாம், கடைக்காரரிடம் கேளுங்கள். கடைசித் தேதிதான் என்று தெரிந்துவிட்டால்:

விவசாயி.அப்ஜெக்ட்ஸ்.அன்னொடேட்(கடைசி=மேக்ஸ்("லாட்__தேதி")).ஆர்டர்_பை("-கடைசி")

இப்போது குரூப் பை வந்துவிடும், ஆளுக்கு ஒரு வரி. முதல் தேதி வேண்டுமானால் மேக்ஸுக்குப் பதில் மின் என்ற ஃபங்ஷன்.

இதே குவெரியில் இன்னொரு உறவையும் கூட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தால் அடுத்த பொறி காத்திருக்கிறது. லாட்டின் எடையைக் கூட்டுகிறீர்கள், கூடவே முன்பணம் என்று ஒரு டேபிள், அதையும் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நாலு லாட், மூன்று முன்பணம் உள்ளவருக்கு ஜாயினில் 12 வரி உண்டாகும். எடை மூன்று மடங்கு, முன்பணம் நாலு மடங்கு. கவுண்டுக்கு மட்டும் டிஸ்டிங்க்ட் கொடுத்துத் தப்பிக்கலாம். சம்முக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் ஒரே எடையுள்ள இரண்டு லாட்டையும் அது ஒன்றாக்கிவிடும். அங்கே ஒவ்வொரு கூட்டலையும் தனி உள்குவெரியாக ஓட்டும் சப்குவெரியும் அவுட்டர்ரெஃபும்தான். எழுத ஒரு நாலு வரி கூடும், ஆனால் பைசா தவறாது. முன்பணக் கணக்கில் நாலு மடங்கு காட்டி விவசாயியிடம் போய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

போஸ்ட்கிரெஸில் டிஸ்டிங்க்ட் ஆன் என்றொரு வசதி உண்டு. ஆளுக்குக் கடைசி லாட்டையே முழு வரியாக எடுத்துவிடலாம். ஒரு நிபந்தனை: டிஸ்டிங்க்ட் ஆனில் எந்தப் புலமோ அதுதான் ஆர்டர் பையிலும் முதலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். அதாவது விவசாயியின் ஐடி முதலில், தேதி இரண்டாவது. விடை ஐடி வரிசையில்தான் வரும். அதைத் தேதி வரிசையில் காட்ட வேண்டுமானால் வெளியே இன்னொரு குவெரி சுற்ற வேண்டும்.

பெயர் வரிசை கேட்டால் ஏதோ ஒரு வரிசை வருகிறது

லாட்டுப் பட்டியலில் ஆர்டர்_பை("விவசாயி") என்று மொட்டையாக எழுதியிருக்கிறதா பாருங்கள். ஃபாரின் கீயை மட்டும் கொடுத்தால் ஜாங்கோ, விவசாயி மாடலின் மெட்டாவில் உள்ள ஆர்டரிங்கை எடுத்துக்கொள்ளும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பிரைமரி கீ, அதாவது ஐடி. ஆக, வேறொருவர் நாளைக்கு அந்த மெட்டாவைத் தொட்டால் உங்கள் பட்டியல் தானாக மாறும். பெயர் வேண்டுமானால் இரட்டை அண்டர்ஸ்கோர் போட்டு "விவசாயி__பெயர்" என்றே எழுதுங்கள். ஐடி போதும் என்றால் "விவசாயி_ஐடி". அதற்கு ஜாயினே தேவையில்லை.

இன்னொன்று: ஆர்டர்_பையை அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும், அதோடு சேராது. வியூவில் ஒன்று, மேனேஜரில் ஒன்று என்று ஒளிந்திருக்கும் இடங்களில் இது கண்ணுக்குத் தட்டுப்படாது. எஸ்க்யூஎல்லில் ஒரே ஒரு புலம்தான் இருக்கும், அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

மையத்துக்கு ஒரு மொத்தம் கேட்டால் நூறு வரி

வேல்யூஸ், அன்னொடேட், சம் மூன்றும் போட்டு, புத்தடிக்கு ஒரு வரி, போடிக்கு ஒரு வரி எதிர்பார்ப்பீர்கள். நாளுக்கு ஒரு வரியாகக் கொட்டும். ஆர்டர் பையில் உள்ள தேதி குரூப் பைக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஜாங்கோ 3.1க்கு முன்னால் மெட்டா ஆர்டரிங்கே இந்த வேலையைச் செய்யும். அதற்குப் பிறகு அது நின்றுவிட்டது. நீங்களே கையால் எழுதிய ஆர்டர்_பை இன்றைக்கும் இதைச் செய்யும். கடைசியில் வெறும் ஆர்டர்_பை() ஒன்றைப் போட்டுத் துடையுங்கள், அல்லது மொத்தத்தை வைத்தே அடுக்குங்கள்.

"விக்காத காயெல்லாம் மேல வந்து நிக்குது"

விலை அதிகமானதிலிருந்து குறைவானது வரை கேட்டால், விலையே இல்லாத லாட்டுகள் தலையில் உட்கார்ந்திருக்கும். போஸ்ட்கிரெஸில் நல் என்பது எல்லா மதிப்பையும்விடப் பெரியது போல நடத்தப்படும். ஏறுவரிசையில் கடைசி, இறங்குவரிசையில் முதல். மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் நேர் எதிர். உங்கள் கணினியில் எஸ்க்யூலைட், கடையில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்திருந்தால், இங்கே சரியாக வந்தது அங்கே தலைகீழாக வரும். "என் மெஷின்ல சரியாத்தான் வருது" என்ற பேச்சுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜாங்கோவில் எஃப்("விலை").டெஸ்க்(நல்ஸ்_லாஸ்ட்=ட்ரூ) என்று எழுதினால் எந்தத் தரவுத்தளத்திலும் ஒரே மாதிரி நடக்கும். நேரடி எஸ்க்யூஎல்லில் நல்ஸ் லாஸ்ட் என்பது போஸ்ட்கிரெஸில் உண்டு, எஸ்க்யூலைட்டில் 3.30லிருந்து உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் கிடையாது. அங்கே "விலை இஸ் நல்" என்பதை முதல் அடுக்குப் புலமாகவும் விலையை இரண்டாவதாகவும் கொடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு புகார், சில லாட்டுகள் பட்டியலிலிருந்தே காணாமல் போவது. வரிசைக்காக ஜாயின் போட்டோம், ஜாயின் இன்னராகிவிட்டது, மறுபக்கம் ஆள் இல்லாத வரி உதிர்ந்துவிட்டது. லாராவெலின் ஜாயினும் எஸ்க்யூஎல்அல்கெமியின் .ஜாயினும் இயல்பிலேயே இன்னர்தான்; லெஃப்ட்ஜாயின், அவுட்டர்ஜாயின் என்று கேட்டு வாங்க வேண்டும். நல் ஆகக்கூடிய ஃபாரின் கீ வழியாக அடுக்கும்போது ஜாங்கோ தானே லெஃப்ட் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே உறவின் மேல் ஒரு ஃபில்டர் வைத்துவிட்டால் அது இன்னராக மாறும்.

பக்கம் மாற்றினால் பார்த்த லாட்டே மறுபடி வருகிறது

ஒரே நாளில் ஒரே விலைக்குப் போன லாட்டுகள் எத்தனையோ இருக்கும். தேதியை மட்டும் வைத்து அடுக்கினால், சமமாக நிற்பவற்றுக்குள் யார் முன்னால் என்று தரவுத்தளம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. முதல் பக்கத்துக்கு ஒரு திட்டத்தில் ஓடும், பத்தாவது பக்கத்துக்கு வேறு திட்டத்தில் ஓடும். இரண்டிலும் ஒரு லாட் தெரியும், இன்னொன்று எதிலுமே தெரியாது. மருந்து சின்னது: ஆர்டர் பையின் கடைசியில் பிரைமரி கீயைச் சேருங்கள். பக்கம் பிரிக்கிற எந்தப் பட்டியலுக்கும் கேட்காமலே சேர்த்துவிடுங்கள்.

வெட்டிய பிறகு அடுக்க முயன்றால் ஜாங்கோ மறுத்துவிடும். ஸ்லைஸ் எடுத்த குவெரியை மறுபடி அடுக்க முடியாது என்று ஒரு பிழை வரும். அது நல்ல பிழை. சத்தமில்லாமல் தப்பு செய்வதைவிட இது மேல். ஹைபர்னேட் இந்த விஷயத்தில் கொஞ்சம் அமைதி. கலெக்‌ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்துகொண்டே பக்க அளவும் கொடுத்தால், முழு விடையையும் நினைவகத்துக்கு இழுத்துவந்து அங்கே வெட்டும். லாக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும் கிடக்கும் (ஹைபர்னேட் 5 வரை அதன் எண் 104 என்று முடியும்). சர்வர் மூச்சுத் திணறும் வரை அதை யாரும் படிப்பதில்லை.

ஆட்கள் வரிசை சரி, அவர்களுக்குள் லாட்டு வரிசை தாறுமாறு

பிரீஃபெட்ச்_ரிலேட்டட் போட்டால் ஜாயின் கிடையாது, இரண்டாவது குவெரி தனியாக ஓடுகிறது. வெளியே நீங்கள் கொடுத்த வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரீஃபெட்ச் என்ற வகுப்பை எடுத்து, அதற்குள் குவெரிசெட்டாக லாட்.அப்ஜெக்ட்ஸ்.ஆர்டர்_பை("-தேதி") கொடுங்கள். டெம்ப்ளேட்டுக்குள் போய் ஒவ்வொரு ஆளுக்கும் .ஆர்டர்_பை அழைத்தால் வரிசை சரியாகத்தான் வரும், ஆனால் முன்பே எடுத்து வைத்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆளுக்கு ஒரு புதுக் குவெரி ஓடும். எஸ்க்யூஎல்அல்கெமியில் ரிலேஷன்ஷிப் எழுதும் இடத்திலேயே ஆர்டர்_பை கொடுத்துவிடலாம்.

"அப்படி ஒரு டேபிள் ஃப்ரம்மில் இல்லை" என்ற பிழை

எஸ்க்யூஎல்அல்கெமியில் ஜாயின்ட்லோடு போட்டுவிட்டு விவசாயியின் பெயரால் அடுக்கினால் வரும். ஜாயின் இருக்கிறதே, எஸ்க்யூஎல்லில் கண்ணால் பார்க்கிறோமே என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் அந்த டேபிளுக்கு அது விவசாயி_1 என்று ஒரு மாற்றுப் பெயர் கொடுத்திருக்கும். ஜாயின்ட்லோடு என்பது பொருளை நிரப்ப மட்டும். உங்கள் ஃபில்டரோ வரிசையோ அதைத் தொடக் கூடாது என்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நீங்களே .ஜாயின் எழுதி, நிரப்புவதற்கு கன்டெய்ன்ஸ்_ஈகர் கொடுத்தால் ஒரே ஜாயின் இரண்டு வேலையையும் பார்க்கும்.

லாராவெலில் வித் கொடுத்துவிட்டு உறவின் புலத்தால் ஆர்டர்பை எழுதினாலும் இதே கதை, அங்கே வித் தனிக் குவெரி. சரி என்று ஜாயினுக்கு மாறினால் இன்னொரு தொல்லை: இரண்டு டேபிளிலும் ஐடி இருக்கிறது, பின்னால் வருவது முன்னதை மூடிவிடும். பட்டியல் அழகாக இருக்கும். திருத்து பொத்தானை அழுத்தினால் வேறு யாருடைய லாட்டோ திறக்கும். செலக்டில் லாட்டின் புலங்களை மட்டும் கேளுங்கள்.

"பேரு அகர வரிசையில இல்லையே தம்பி"

இதில் ஜாயினுக்குப் பங்கில்லை, ஆனால் ஜாயினைத்தான் முதலில் திட்டுவார்கள். போஸ்ட்கிரெஸ் 'சி' என்ற கொலேஷனில் (எழுத்துகளை அடுக்கும் விதிக்குக் கொலேஷன் என்று பெயர்) ஓடினாலோ, எஸ்க்யூலைட்டை அப்படியே வைத்திருந்தாலோ, எழுத்துகள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கப்படும். யூனிகோடில் ன என்பது ந வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ கடைசி. எனவே திரையில் கன்னியப்பன், கருப்பையா, கவிதா என்று வரும். வர வேண்டியது கருப்பையா, கவிதா, கன்னியப்பன். ஜ எழுத்து ச வுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜோசப்பும் ஜார்ஜும் ஞானசேகரனுக்கு முன்னால் போய் நிற்பார்கள். அகராதி வழக்கப்படி கிரந்தம் கடைசியில் வர வேண்டும். எல்லையோரப் பட்டியலில் ஜோசப்புகளும் ஷாஜிகளும் கொஞ்சநஞ்சமல்ல, ஆகையால் இந்தப் பிசகு சட்டென்று கண்ணில் படும்.

ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தைச் சேர்த்துக் கட்டிய போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான கொலேஷன் தயாராக இருக்கிறது. ஜாங்கோ 3.2 முதல் கொலேட் என்ற ஃபங்ஷன் வழியாக "விவசாயி__பெயர்" புலத்துக்கு அதை ஆர்டர்_பையிலேயே கொடுக்கலாம், அல்லது மாடல் புலத்தில் டிபி_கொலேஷன் என்று நிரந்தரமாக வைக்கலாம். வைத்த பிறகு கண்ணன், கணேசன் இருவரையும் போட்டுச் சோதியுங்கள். புள்ளி எழுத்து முதலில் வர வேண்டும் என்ற மரபுப்படி கண்ணன் முன்னால் நிற்க வேண்டும். எண் வரிசையில் கணேசன் முந்திவிடுவார்.

கொலேஷன் சரியாக இருந்தும் ஒரு கொச்சுராணி மட்டும் தனியாக எங்கோ நின்றால், அந்தப் பெயரின் எழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டில் வேறு. சேமிக்கும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய தரவுக்கு, போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஔசேப்பு மட்டும் இதில் அடங்க மாட்டார். ஔ வுக்குப் பதில் ஒ அடித்து அடுத்து ள அடித்திருப்பார்கள். யூனிகோடு கணக்கில் அது வேறு சொல், எந்த நார்மலைசேஷனும் அதைச் சேர்க்காது. ஒள என்று தொடங்கும் பெயர்களைத் தேடிக் கையால் திருத்த வேண்டியதுதான்.

தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்து ஒரே புலத்தில் வைத்திருந்தால் கொலேஷன் என்ன செய்தும் பயனில்லை. கம்பத்துக்காரர் மு. கருப்பையா என்று முன்னால் போடுவார், கட்டப்பனைக்காரர் ஜோசப் கே.வி. என்று பின்னால் போடுவதும் உண்டு. தனிப் புலமாகப் பிரித்து, பெயர், தலைப்பெழுத்து, ஊர், ஐடி என்று இந்த வரிசையில் ஆர்டர்_பை கொடுங்கள்.

கொலேஷனை மாற்றினால் அந்தப் புலத்தின் இன்டெக்ஸும் அதே கொலேஷனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தரவுத்தளம் அதை வரிசைக்குப் பயன்படுத்தாது. சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு போஸ்ட்கிரெஸ் லாக்கில் கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால், அந்தக் கொலேஷனை நம்பியிருக்கும் இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்துவிட்டு, அப்புறம் பதிப்பை ரெஃப்ரெஷ் செய்யுங்கள். பதிப்பை மட்டும் ரெஃப்ரெஷ் செய்தால் எச்சரிக்கை மறையும், இன்டெக்ஸ் பழைய வரிசையிலேயே கிடக்கும். பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற ஆளைத் தேடல் பெட்டியில் அடித்தால் கிடைக்க மாட்டார்.